மருந்துக்குக் கேட்காத படர்தாமரை: ஆய்வகத் தட்டு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

"டியூப் போட்டா மூணு நாள்ல அடங்கிருதுங்க. விட்டா மறுபடியும் வந்துருதுங்க."

திருப்பூர், பல்லடம், ஈரோடு என்று கொங்குப் பகுதியின் எந்தத் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். இடுப்பைச் சுற்றி, தொடையிடுக்கில், அக்குளில் வட்டம் வட்டமாகப் படரும் தடிப்பு. ராத்திரி ஆனால் தூங்க விடாத அரிப்பு. இரண்டு மூன்று வாரம் களிம்பு தடவினால் போய்விடும் என்றுதான் படர்தாமரையைப் பற்றி முன்பெல்லாம் நினைத்திருந்தோம். இப்போது அது மாதக்கணக்கில் இழுக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மெல்ல எல்லாருக்கும் வருகிறது.

மாத்திரை சாப்பிட்டும் தீராதவர்கள் கடைசியில் ஒன்று கேட்பார்கள்: "எந்த மருந்து கேட்கும்னு டெஸ்ட் பண்ணிப் பார்க்க முடியாதுங்களா?" நியாயமான கேள்வி. சிறுநீரில் கிருமி என்றால் கல்ச்சர் வைத்து எந்த ஆன்டிபயாடிக் கேட்கும், எது கேட்காது என்று தாளில் எழுதித் தருகிறார்கள். தோல் பூஞ்சைக்கும் அப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது. ஆனால் அதன் முடிவைச் சிறுநீர்க் கல்ச்சர் தாள் மாதிரி படித்தால் ஏமாந்து போவோம். ஒரு மருந்து கேட்காது என்று சொல்வதில் அந்தப் பரிசோதனை கெட்டி. கேட்கும் என்று உத்தரவாதம் தருவதில் அவ்வளவு கெட்டி கிடையாது. ஏன் அப்படி என்பதை நோயாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டும், மருந்துக்கடைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தோலைத் தின்று வாழும் பூஞ்சை

படர்தாமரையைக் கொண்டுவரும் பூஞ்சைகளின் உணவு கெரட்டின். தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றும் அந்தப் புரதத்தால் ஆனவை. அதனால் இவை உடம்புக்குள் ஆழமாகப் போவதில்லை. மேலேயே படர்ந்து, ஓரத்தில் சிவந்து, நடுவில் தெளிந்து வட்டமாகப் பெருகும். டிரைக்கோஃபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோஃபைட்டான் என்பவை நெடுங்காலமாகத் தெரிந்த மூன்று பேரினங்கள். இந்தியாவில் பல பத்தாண்டுகளாக டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற இனம்தான் அதிகம் கிடைத்து வந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த இடத்தை டிரைக்கோஃபைட்டான் மென்டாக்ரோஃபைட்டிஸ் கூட்டத்தைச் சேர்ந்த பூஞ்சை பிடித்துக்கொண்டது. ஜப்பானில் சிகிச்சை பெற்ற ஒரு நேபாளியிடமும் ஓர் இந்தியரிடமும் எடுத்த பூஞ்சைகளை ஆராய்ந்த அந்நாட்டு ஆய்வாளர்கள், 2020-இல் அதைத் தனி இனமாகப் பிரித்து டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு அது இருப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் வெளிநாட்டுக்கே போகாதவர். அந்த அளவுக்கு அது ஊர் தாண்டிப் பரவிவிட்டது.

கொங்கில் இந்தப் பூஞ்சைக்கு வசதி நிறைய. வியர்வையும் ஈரமும் இறுக்கமான துணியும் சேர்ந்தால் அதற்குப் போதும். சாயப்பட்டறையில் ஆவியும் வெந்நீரும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பவர் டேபிள் என்ற தையல் மெஷினில் உட்கார்ந்த இடம். வார்ப்படப் பட்டறையில் உலைச் சூடு. ஸ்பின்னிங் மில்லில் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றிலேயே ஈரத்தை ஏற்றி வைக்கிறார்கள். நூலுக்கு நல்லது, தொடையிடுக்குக்கு நல்லதில்லை. விடுதியில் ஒரு அறையில் எட்டுப் பேர், கொடியில் பக்கத்துப் பக்கத்தில் காயும் துண்டு, மாற்றிப் போட்டுக்கொள்ளும் லுங்கி. உதிரும் செதிளோடு பூஞ்சையும் துணியில் ஒட்டி அடுத்தவர் தோலுக்குப் போகிறது. வேலை செய்பவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அந்த வேலையும் இருப்பிடமும் அப்படி.

அதோடு அந்த டியூப். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே கிளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு என்று எல்லாவற்றையும் கலந்து ஒரே டியூபில் அடைத்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும். அடங்கியது நம் தோலின் எதிர்ப்புதான். பூஞ்சை அங்கேயேதான் இருக்கிறது, எதிர்ப்பு இல்லாததால் தாராளமாகப் படர்கிறது. தடவுவதை நிறுத்தியதும் மறுபடி சிவக்கிறது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுத் தோல் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் போகவில்லை. ஸ்டீராய்டு பூஞ்சையின் மரபணுவை மாற்றுவதில்லை. ஆனால் நோயை மாதக்கணக்கில் இழுத்தடித்து, அரைகுறை மருந்துக்கு நடுவில் பூஞ்சை பிழைத்திருக்க இடம் கொடுக்கிறது. மருந்துக்கு அசையாத பூஞ்சைகள் தேர்வாகி நிலைப்பதற்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

டெர்பினஃபைன் எங்கே தோற்கிறது

படர்தாமரைக்கு உலகம் முழுக்க முதலில் எழுதப்படும் மாத்திரை டெர்பினஃபைன். ஐரோப்பாவில் 1991-இல் விற்பனைக்கு வந்தது. பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற பொருள் வேண்டும். நம் செல்களில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. ஸ்குவாலீன் என்ற மூலப்பொருளிலிருந்து படிப்படியாக எர்கோஸ்டிரால் தயாராகும்போது, ஆரம்பத்திலேயே ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி ஒன்று வேலை செய்கிறது. டெர்பினஃபைன் அந்த நொதியில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்திவிடும். எர்கோஸ்டிரால் கிடைக்காமல் சவ்வு பலவீனமாகும். செலவாகாத ஸ்குவாலீன் உள்ளே குவிந்து நஞ்சாகும். இரண்டு பக்கமும் அடி விழுவதால் பூஞ்சை வளர்ச்சி நிற்பதோடு செத்தும் போகும். இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல் போன்ற அசோல் மருந்துகள் அதே பாதையில் பிந்தைய படி ஒன்றை மறிக்கின்றன. 1939-இல் பெனிசிலியம் பூஞ்சை ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த கிரிசியோஃபல்வினின் வழி வேறு: அது செல் பிரிவதைத் தடுக்கிறது.

ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியில் 397-ஆவது இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அந்த ஒன்று லூசினாக மாறினாலே போதும், டெர்பினஃபைனுக்கு அங்கே பிடிமானம் இல்லாமல் போகிறது. 393-ஆவது இடத்தில் வரும் மாற்றமும் அப்படியே. நொதி தன் வேலையை வழக்கம்போலச் செய்துகொண்டிருக்கும். மருந்து மட்டும் வீண். டெர்பினஃபைனுக்கு அசையாத டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் ஒன்றை நோயாளியிடமிருந்து எடுத்து முதன்முதலில் 2003-இல் பதிவு செய்தார்கள். அப்போது அது அபூர்வம். 2018-இல் டெல்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனையில், மென்டாக்ரோஃபைட்டிஸ் கூட்டத்துப் பூஞ்சைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டெர்பினஃபைனுக்குக் கேட்கவில்லை. அந்த எண்ணை அப்படியே கோவைக்கோ கரூருக்கோ பொருத்த முடியாது. இங்கே எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கறுப்புக் காகிதத்திலிருந்து 96 குழித் தட்டு வரை

பரிசோதனை நோயாளியின் தோலில் தொடங்குகிறது. பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போவதும் அங்கேதான். தடவிய களிம்பு போகும்படி இடத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, வட்டத்தின் ஓரத்தைச் சுரண்ட வேண்டும். பூஞ்சை உயிரோடு முன்னேறிக்கொண்டிருக்கும் இடம் அந்த ஓரம்தான். நடுவில் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது. மழுங்கிய பிளேடு நுனியால் சுரண்டும்போது விழும் செதிளைக் கறுப்புக் காகிதத்தில் பிடிப்பார்கள், வெள்ளைச் செதிள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று. அந்தக் காகிதத்தை மடித்து அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மூடிய ஈரக் குப்பியில் போட்டால் வழியிலேயே பாக்டீரியா பெருகிவிடும். முந்தின நாள் வரை களிம்பு தடவிவிட்டு வந்தால் கல்ச்சரில் எதுவும் வளராமல் போக வாய்ப்பு அதிகம். எத்தனை நாள் நிறுத்திவிட்டு வரவேண்டும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

செதிளில் கொஞ்சத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கெரட்டின் கரைந்து, நடுவில் குறுக்குச் சுவர்களோடு கிளை விட்ட இழைகள் தெரியும். பூஞ்சை இருக்கிறதா என்பதற்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிடும். எந்த இனம், எந்த மருந்து என்பதற்குக் கல்ச்சர் வேண்டும். மீதிச் செதிளைச் சபுரோ அகார் என்ற, பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊடகத்தில் வைத்து நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். தோல் பூஞ்சைக்கு அவசரமே கிடையாது. வளர்ந்தபின் அடியில் சிவப்பு நிறம் ஏறியிருக்கிறதா, மேலே மாவு தூவியதுபோல இருக்கிறதா, யூரியேஸ் சோதனை என்ன சொல்கிறது என்றெல்லாம் பார்த்து இனத்தை ஓரளவு சொல்லிவிடலாம். இன்டோட்டினியேயை மட்டும் அதன் நெருங்கிய சொந்தங்களிலிருந்து கண்ணால் பிரிப்பது ஆகாத காரியம். அதற்கு மரபணு வரிசை பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் மருந்துச் சோதனை. வளர்ந்த பூஞ்சையை வித்துகள் நிறைய உண்டாகும் ஊடகத்துக்கு மாற்றி வளர்க்க வேண்டும். ரூப்ரம் வித்து விடச் சுணங்கும். அதற்கு ஓட்ஸ் அகார் வைப்பார்கள். வளர்ந்ததன் மேல் உப்புநீர் விட்டு மெதுவாகத் தேய்த்து எடுத்து, இழைத் துண்டுகள் போகும்படி வடிகட்டி, வித்துகளை மட்டும் எண்ணி, குறிப்பிட்ட அளவுக்கு நீர்க்க வைக்க வேண்டும். எண்ணிக்கை கூடினால் நல்ல மருந்தும் தோற்றதுபோலத் தெரியும். குறைந்தால் தோற்ற மருந்தும் ஜெயித்ததுபோலத் தெரியும்.

வித்தையும் மருந்தையும் சேர்த்துப் பார்க்கும் தட்டு உள்ளங்கை அகலம். அதில் 8 வரிசை, வரிசைக்கு 12 என்று 96 குழிகள். டெர்பினஃபைன் வரிசையில் முதல் குழியில் மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்று வைத்தால் அடுத்தது 4, அப்புறம் 2, 1, 0.5 என்று பாதி பாதியாகக் குறைந்து பத்தாவது குழியில் 0.016-க்கு வந்துவிடும். பதினொன்றாவதில் பூஞ்சை மட்டும், மருந்து கிடையாது. பன்னிரண்டாவதில் ஊடகம் மட்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் மற்ற பத்தைப் படிக்கவே கூடாது. மருந்தில்லாத குழியில் பூஞ்சை சரியாக வளரவில்லை என்றாலோ, வெறும் ஊடகத்தில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்றாலோ தட்டையே தள்ளிவிட வேண்டும். விடை முன்பே தெரிந்த ஒரு பூஞ்சையையும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுவார்கள். அதன் விடை பிசகினால் அன்றைய எல்லா முடிவும் செல்லாது.

ஆய்வகத் தரமுறைகளை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டிப் பதிப்பில் தோல் பூஞ்சைகளுக்கான முறையைச் சேர்த்தது. 35 டிகிரியில் 4 நாள் வைத்து, மருந்தில்லாத குழியோடு ஒப்பிட்டு 80 சதவீத வளர்ச்சி குறைந்த குழிகளில் ஆகக் குறைந்த மருந்துள்ளதைக் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். யூகாஸ்ட் என்ற ஐரோப்பிய அமைப்பு 2020-இல் வெளியிட்ட முறையில் கருவி வைத்து அளக்கிறார்கள், 50 சதவீதம் குறைந்தாலே போதும். வேறு கிருமி கலந்துவிடாமல் இருக்க ஊடகத்திலேயே சைக்ளோஹெக்சிமைடும் குளோராம்ஃபெனிகாலும் உண்டு. எந்த முறையானாலும், வளர்ச்சியை அந்த அளவுக்குக் குறைக்கத் தேவைப்பட்ட ஆகக் குறைந்த மருந்தளவுதான் தாளில் எம்.ஐ.சி. என்று வருகிறது.

தாளில் வரும் எண்

இந்த எண்ணைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள், சில நேரம் மருத்துவர்களும் கூட. டெர்பினஃபைன் 0.03, கிரிசியோஃபல்வின் 1, ஃப்ளூகோனசோல் 16 என்று ஒரு தாளில் இருந்தால், குறைந்த எண் உள்ளதுதான் சிறந்த மருந்து என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு மருந்தும் தோலின் மேலடுக்கில் எவ்வளவு போய்ச் சேர்கிறது, எத்தனை நாள் தங்குகிறது என்பது வேறு வேறு. ஒரு மருந்தின் எண்ணை அதே மருந்தின் மற்ற எண்களோடுதான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, 0.25-க்கும் 0.5-க்கும் வித்தியாசமே இல்லை. ஒரே பூஞ்சையை இரண்டு முறை ஓட்டினாலே ஒரு குழி முன்பின் ஆவது சகஜம். அதனால் போன முறை 0.25, இந்த முறை 0.5, மருந்து கேட்பது குறைந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. முறை எதுவென்று எழுதாத தாளை வைத்துக்கொண்டு ஒரு ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியாது.

டெர்பினஃபைனில் மட்டும் இந்தக் குழப்பம் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. மாறாத பூஞ்சை 0.03-ஐ ஒட்டி நின்றுவிடும். 397-இல் மாற்றம் வந்த பூஞ்சை 4-ஐத் தாண்டும், 8-இலும் வளரும். நூறு மடங்குக்கு மேல் இடைவெளி. நடுவில் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. அப்படி ஒரு முடிவு வந்தபிறகு அதே மாத்திரையை இன்னும் இரண்டு மாதம் எழுதுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நோயாளியின் காசும் வீண், ஈரலுக்கும் வீண் சுமை. இட்ராகோனசோலில் இந்தத் தெளிவு கிடையாது. எண்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் கோடு போடுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்த எண்ணுக்கு மேல் சிகிச்சை தோற்கும் என்று நோயாளிகளை வைத்து உறுதிப்படுத்திய எல்லை தோல் பூஞ்சைகளுக்கு இன்னும் ஒழுங்காக வரையறுக்கப்படவில்லை. இருப்பதெல்லாம், மாற்றம் அடையாத பூஞ்சையின் எண் சாதாரணமாக எதுவரை போகும் என்ற அளவுகோல்தான்.

எண் நன்றாக வந்தும் நோய் ஏன் தீராமல் போகிறது? திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. லேப் டிப்பில், அதாவது சின்னத் துண்டுத் துணியில் சாயம் போட்டுப் பார்க்கும் சோதனையில், ஷேடு அச்சாகப் பொருந்தி, துணி வாங்கும் பையர் ஓகே சொல்லியிருப்பார். பல்க்கில், மொத்தத் துணிக்கும் போட்டால் தண்ணீரின் உப்பு, துணியின் ஈர்ப்பு, மெஷினின் சூடு என்று ஏதோ ஒன்று ஷேடை மாற்றிவிடும். அதற்காக லேப் டிப்பே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. லேப் டிப்பிலேயே பொருந்தாத ஷேடை பல்க்கில் போடுகிறவரும் இல்லை. தட்டில் வித்தும் மருந்தும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. உடம்பில் மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, தோலுக்குப் போய்ச் சேர வேண்டும். இட்ராகோனசோல் காப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போட்டாலோ அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டாலோ பாதிகூட ஏறாமல் போகலாம். அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்துபவர்கள், ஸ்டீராய்டு டியூபை விடாதவர்கள், நோயோடு சிகிச்சை எடுக்காமல் அதே வீட்டில் இருக்கும் மற்றவர்கள், இவையெல்லாம் தட்டுக்குத் தெரியாது. துணி விஷயமும் தெரியாது. 60 டிகிரி வெந்நீரில் அலசினால் பூஞ்சை சாகும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் பக்கெட்டில் இருக்கும் மற்ற துணிக்கும் ஏறும்.

சீமை அகத்தியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் பூசும் பழக்கம் நம்மூர்களில் உண்டு. இலைக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணமும் உண்டு. கல்லூரி மாணவர்கள் அகார் தட்டில் குழி போட்டு இலைச்சாறு ஊற்றி, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் தெளிந்தது என்று அளப்பார்கள். நல்ல பயிற்சி அது. ஆனால் சாறு அகாரில் எவ்வளவு தூரம் ஊறும் என்பதும் அந்த வட்டத்தைத் தீர்மானிக்கிறது. வட்டம் பெரிதாக வந்ததை வைத்து "மாத்திரையைவிட வீரியம்" என்று எழுதுவது சரியில்லை. பூஞ்சை மருந்தில் ஊறிய சின்னக் காகித வட்டைச் சுற்றித் தெளியும் வட்டத்தை வைத்து மாத்திரைகளையே தரம் பிரிக்கத் தோல் பூஞ்சைகளுக்கு நிலைப்படுத்திய முறை கிடையாது.

இங்கே என்ன செய்யலாம்

குழித் தட்டுச் சோதனையைப் பெரும்பாலான ஆய்வகங்கள் செய்வதில்லை. காரணம் புரிகிறது. பெரிய மருத்துவமனைகளில் இருக்கும் தானியங்கிக் கருவிகளின் பூஞ்சை அட்டைகள் கேண்டிடா போன்ற ஈஸ்ட் வகைகளுக்கானவை. இழைப் பூஞ்சையை அவற்றில் போட முடியாது. கையால்தான் செய்ய வேண்டும், பழகிய ஆள் வேண்டும். செதிள் எடுத்ததிலிருந்து எண் கைக்கு வரும் வரை ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். அதுவரை நோயாளியைச் சும்மா உட்கார வைக்க முடியாது, சிகிச்சையைத் தொடங்கித்தான் ஆகவேண்டும். அதனால் புதிதாக வந்த, ஸ்டீராய்டு படாத சின்ன வட்டத்துக்கெல்லாம் இந்தச் சோதனை தேவையில்லை என்பது என் கருத்து. ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் தீராதவர், திரும்பத் திரும்ப வருகிறவர், வீடு முழுக்கப் பரவியவர், இவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

எல்லா ஊரிலும் 96 குழித் தட்டு ஓட்ட வேண்டியதுமில்லை. சபுரோ அகார் காய்ச்சும்போதே மில்லிலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் டெர்பினஃபைன் கலந்து ஊற்றி வைத்துக்கொண்டால், கல்ச்சரில் வளர்ந்த பூஞ்சையில் ஒரு துளியை அதில் வைத்துப் பார்க்கலாம். மாறாத பூஞ்சை வளராது. வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். வடிகட்டுவது, எண்ணுவது எதுவும் இல்லை. பக்கத்தில் மருந்தில்லாத அகார் ஒன்றும், விடை தெரிந்த பூஞ்சை ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும். ஐரோப்பாவில் இந்த முதற்கட்டச் சோதனையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கல்ச்சர் வைக்கும் எந்த ஆய்வகமும் இதைச் செய்யலாம். கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் துறை பல ஆண்டுகளாக இருக்கிறது. திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. கரூரில் அதற்கு முன்பே வந்துவிட்டது. மருந்து அகாரில் வளர்ந்தவற்றை மட்டும் ஏதாவது ஒரு மையத்தில் சேர்த்து, குழித் தட்டும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் மரபணு வரிசையும் பார்க்கலாம். நோய் உண்டாக்கும் பூஞ்சைகளைச் சேமித்து வைக்கும் தேசியச் சேகரிப்பு சண்டிகரில் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது; அங்கேயும் அனுப்பலாம்.

அனுப்பும் படிவத்தில் நாலு விஷயம் எழுதியிருந்தால் ஆய்வகத்துக்குப் பாதி வேலை மிச்சம்: எத்தனை மாதமாக இருக்கிறது, எந்த மாத்திரை எத்தனை வாரம் சாப்பிட்டார், என்னென்ன டியூப் தடவினார், வீட்டிலோ விடுதி அறையிலோ வேறு யாருக்கு இருக்கிறது. டியூபின் பெயர் ஞாபகம் இல்லாவிட்டால் காலி டியூபையே கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். தாள் திரும்பி வரும்போது பூஞ்சையின் இனம், எந்த முறை, எத்தனை டிகிரி, எத்தனையாவது நாள் படித்தது, எண்ணோடு சேர்த்து ஆய்வகத்தின் ஒரு வரிக் கருத்து, இவ்வளவும் அதில் இருக்கிறதா என்று மருத்துவரும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மருந்தை மாற்றுவது நல்லது.